இரண்டாம் தொடக்கத்துக்கு வேறு ஊர் வேண்டுமா?

கலைத்தொழிலில் வாய்ப்பு வறண்டவரைப் பார்த்துச் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் யோசனைகளில், ஊரை மாற்றிப் பாருங்கள் என்பதற்கு எப்போதும் முதலிடம் உண்டு. சென்னையில் படம் கிடைக்காவிட்டால் ஹைதராபாத். கச்சேரி குறைந்தால் பெங்களூர். இரைச்சல் தாங்கவில்லை என்றால் ஏதாவதொரு மலையடிவாரம். இதற்கு நேரெதிரான அறிவுரையும் அதே வாய்களிலிருந்து வரும்: பேரும் பழக்கமும் உள்ள இடத்தை விட்டுவிட்டு, தெரியாத ஊரில் யார் வாசலில் போய் நிற்பது? இரண்டுக்கும் சான்று காட்ட முடியும் என்பதுதான் தொல்லை. ஊர் மாறி எழுந்தவர்களின் பட்டியலும் நீளம், மாறாமலே எழுந்தவர்களின் பட்டியலும் நீளம்.

இந்தக் கேள்விக்கு இதுவரை தரப்பட்ட முக்கியமான விடைகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம். நாட்டுக்குள் நடக்கும் பெயர்வு மட்டுமே இங்கு பேச்சு. கடல் கடந்து போவதில் விசா, குடியுரிமை, இனம் என்று வேறு கணக்குகள் சேர்ந்துவிடுகின்றன. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இருபது வயதில் கிளம்புகிறவரும் நாற்பதில் கிளம்புகிறவரும் ஒரே ரயிலில் ஏறினாலும் ஒரே காரியத்துக்குப் போகவில்லை. முன்னவர் தொடங்கப் போகிறார். பின்னவர் ஏற்கெனவே தொடங்கி, ஓரளவு நடந்து, எங்கோ நின்றுபோனவர். அவரிடம் கைப்பழக்கம் இருக்கிறது, பழைய பெயர் இருக்கிறது, குடும்பமும் கடனும் இருக்கலாம். நமக்குக் கிடைக்கும் விடைகளில் பெரும்பாலானவை முதலாமவரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டு, இரண்டாமவருக்கும் சேர்த்து வழங்கப்படுகின்றன.

புரவலர் இருக்கும் திசை

தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விடை ஆற்றுப்படை நூல்களில் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. முருகனிடம் வழிப்படுத்தும் திருமுருகாற்றுப்படையை விலக்கினால், எஞ்சிய நான்கும் பிழைப்புக்கு வழி சொல்பவை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் வறுமையோடு எதிரே வரும் கலைஞனிடம் எந்தப் பக்கம் போக வேண்டும், வழியில் எந்தெந்த நிலம் வரும், எங்கே யார் என்ன சோறு போடுவார்கள், அரசன் எப்படிப்பட்டவன் என்றெல்லாம் விரித்துச் சொல்கிறான். சிறுபாணன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடமும், பெரும்பாணன் காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையனிடமும், பொருநன் கரிகாலனிடமும், கூத்தர் நன்னனிடமும் அனுப்பப்படுகிறார்கள்.

இவற்றை அரசர் புகழாகவே படித்துப் பழகிவிட்டோம். தொழில் நோக்கில் படித்தால் வேறொன்று தெரிகிறது. வழி சொல்கிறவன் அரண்மனை ஆள் அல்லன். அதே தொழில் செய்யும் இன்னொருவன். வாய்ப்பு எங்கே இருக்கிறது என்ற செய்தி கலைஞர்களுக்குள்ளேயே நடமாடுகிறது. அதை அறிந்தவனைச் சந்திப்பதுதான் பயணத்தின் முதல் அதிர்ஷ்டம்.

புரவலரைத் தேடிப் போகும் இவ்வழக்கம் பல நூற்றாண்டு நீடித்தது. தஞ்சை நால்வரில் சின்னையா மைசூர் அவைக்கும், வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளின் அவைக்கும் போனார்கள். 1855இல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் ஆண் வாரிசின்றி இறந்து, அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனதும் திசை மாறியது. அடுத்த சில பத்தாண்டுகளில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நாட்டியக்காரர்களும் சென்னையை நோக்கி நகர்ந்தார்கள். அரசரின் இடத்தில் வணிகரும் வக்கீல்களும், பின்னர் சபாக்களும் வந்தன. 1928இல் மியூசிக் அகாதமி அமைந்தபோது, கர்நாடக இசையின் தலைநகர் சென்னை என்பது ஏறத்தாழ முடிவான செய்தி. விடுதலைக்குப் பிறகு அரசே புரவலரானது. 1953இல் டெல்லியில் சங்கீத நாடக அகாதமி தோன்றியது. கலாக்ஷேத்ராவில் பயின்ற யாமினி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் டெல்லியைத் தளமாகக் கொண்டு பரதநாட்டியத்தைக் கொண்டுசென்றது இந்தப் பின்புலத்தில்தான்.

புரவலர் வாதம் எளிமையானது, பெரிதும் உண்மையானதும்கூட. கலைஞர்கள் ஏன் கிளம்புகிறார்கள் என்பதை அது விளக்கிவிடுகிறது. போன இடத்தில் கலை என்னவாகிறது என்பதைப் பற்றி அதற்குச் சொல்ல அதிகம் இல்லை. இரவு முழுக்க நீண்ட கச்சேரி, சபா மேடையில் சில மணி நேரத்துக்குள் அடங்கியபோது பாட்டு வளர்ந்ததா சுருங்கியதா என்ற சண்டை இன்னும் முடியவில்லை.

கூட்டத்தில் சேர்வதன் லாபம்

இரண்டாவது விடையைப் பொருளியலாளர்கள் தந்தார்கள். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலில், ஒரே தொழில் செய்பவர்கள் ஓரிடத்தில் திரளும்போது தொழில் நுணுக்கம் காற்றில் கலந்ததுபோல் பரவிவிடுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். அவர் மனத்தில் இருந்தவை ஆங்கிலேய நெசவு, இரும்பு ஊர்கள். கோடம்பாக்கத்தையும் அப்படியே விளக்கலாம். ஸ்டுடியோ, லேப், துணை நடிகர் ஏஜெண்ட், வாடகைக்கு உடை தருபவர், நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வந்துவிடும் வயலின்காரர் எல்லாரும் சில மைல்களுக்குள் இருந்தார்கள். அந்தச் சில மைல்களுக்கு வெளியே இருப்பவருக்குத் திறமை எவ்வளவு இருந்தாலும், நாளைக் காலை ஒரு ஆள் வேண்டும் என்ற செய்தி போய்ச் சேராது.

2002இல் ரிச்சர்ட் ஃபுளோரிடா இதைத் தலைகீழாகத் திருப்பினார். படைப்பாளிகள் தொழிலைத் தேடி நகரத்துக்கு வருவதைவிட, படைப்பாளிகள் விரும்பும் நகரத்தைத் தேடித் தொழில் வரும் என்றார். நகராட்சித் தலைவர்களுக்கு இந்த வாதம் மிகவும் பிடித்துப்போனது. கேட்பதற்கு இனிமையான கோட்பாடுகளுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. படைப்பாளிகள் வந்து பகுதியைப் பிரபலமாக்கியதும் வாடகை ஏறி, முதலில் வந்த கலைஞர்களே வெளியேற வேண்டியிருந்ததை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2017இல் வந்த நூலில் நகர ஏற்றத்தாழ்வைப் பற்றி ஃபுளோரிடாவே விரிவாக எழுத நேர்ந்தது.

இவ்வாதத்துக்கு எண்கள் வழியாக ஆதரவு தேடியவர்களும் உண்டு. பொருளியலாளர் கரோல் போரோவியெட்ஸ்கி பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். பாரிஸ், வியன்னா போன்ற இசை நகரங்களில் இருந்த காலத்தில் அவர்கள் மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு முக்கியப் படைப்பைக் கூடுதலாக எழுதினார்கள் என்பது அவர் கணிப்பு. நகரம் திறமையை வளர்த்ததா, திறமையுள்ளவர்கள்தான் நகரத்துக்குப் போனார்களா என்ற ஐயத்தைத் தீர்க்க, பிறந்த ஊருக்கும் இசை நகரத்துக்கும் உள்ள தொலைவை அவர் அளவுகோலாகப் பயன்படுத்தினார். ஐயம் குறைகிறது, முற்றிலும் போய்விடவில்லை.

2018இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, ஏறத்தாழ 5 லட்சம் ஓவியர்களின் கண்காட்சிப் பதிவுகளைப் பின்தொடர்ந்தது. தொடக்கக் காலத்திலேயே மதிப்புமிக்க கலைக்கூடங்களில் இடம் பிடித்தவர்கள் கடைசிவரை அங்கேயே சுற்றிவந்தார்கள். ஓரத்தில் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் தொழிலையே விட்டார்கள். ஊர் மாறச் சொல்பவர்கள் இதைத் தங்கள் பக்கச் சான்றாகக் காட்டுவதுண்டு. நிதானமாகப் படித்தால் இது இரண்டாம் தொடக்கத்துக்குச் சாதகமான செய்தி அல்ல. முதல் சில ஆண்டுகள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்றால், அவற்றை ஓரத்தில் கழித்தவர் பிற்பாடு மையத்துக்குப் போய் என்ன செய்ய முடியும்? ஓரத்திலிருந்து மையத்துக்கு ஏறிய சிறுபான்மையினரும் அந்த ஆய்வில் உண்டு. ஆனால் குடிபெயர்ந்ததால்தான் ஏறினார்களா என்பது அதன் கேள்வி அல்ல.

பம்பாய்க்குப் போன கல்கத்தா

இந்திய சினிமாவில் நடுவயதில் ஊர் மாறி வென்றவர் என்றால் பிமல் ராயின் பெயர் தவறாமல் வரும். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கதை அது.

கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸில் ஒளிப்பதிவாளராக இருந்து, 1944இல் ‘உதயேர் பதே’ மூலம் இயக்குநராகப் பெயர் பெற்றவர் பிமல் ராய். பிரிவினை கிழக்கு வங்கத்தைத் தனியே கொண்டுபோனபோது வங்காளப் படங்கள் தங்கள் சந்தையின் பெரும்பகுதியை இழந்தன. நியூ தியேட்டர்ஸ் தள்ளாடியது. 1950 வாக்கில் அவர் பம்பாய் வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. முதலில் பாம்பே டாக்கீஸுக்காக ஒரு படம். பிறகு சொந்த நிறுவனம். 1953இல் ‘தோ பீகா ஜமீன்’. கேன்ஸ் விருதும், ஃபிலிம்ஃபேரின் முதல் சிறந்த பட விருதும் கிடைத்தன. நிலத்தைக் காப்பாற்றப் பணம் தேடி நகரத்துக்குப் போகும் விவசாயி எல்லாவற்றையும் இழப்பதுதான் அப்படத்தின் கதை. ஊர் மாறியதால் வென்ற இயக்குநர் எடுத்த படம் அது.

இந்த வெற்றியில் பம்பாயின் பங்கு எவ்வளவு? அவர் தனியாக வரவில்லை. படத்தொகுப்பாளர் ஹிருஷிகேஷ் முகர்ஜி, எழுத்தாளர் நபேந்து கோஷ், அசித் சென் என்று ஒரு குழுவே வந்தது. ‘தோ பீகா ஜமீன்’ கதையையும் இசையையும் தந்த சலில் சௌத்ரியும் கல்கத்தாவிலிருந்து வந்தவர்தான். இத்தாலிய நவயதார்த்தப் படங்களின் தாக்கம் 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிய முதல் சர்வதேசத் திரைப்பட விழா வழியாக வந்தது என்பார்கள். அதே விழா கல்கத்தாவுக்கும் போனது. ஆக, கதையும் கைத்திறனும் கூடவே வந்தவை, அழகியலும் பம்பாய்க்கு மட்டும் உரியதல்ல; பம்பாய் தந்தது முதலும் இந்தி பேசும் பெரிய சந்தையும். ஊர் மாறினார் என்பதைவிட, ஒரு பட்டறையே இடம் மாறியது என்பது நிகழ்ந்ததற்கு நெருக்கமான விவரிப்பு.

அதே பத்தாண்டில் ரித்விக் கட்டக்கும் பம்பாய்க்கு வந்தார். முதல் படமான ‘நாகரிக்’ எடுத்து முடித்தும் வெளிவராத நிலை. ஃபிலிமிஸ்தான் ஸ்டுடியோவில் கதை எழுதும் வேலை. 1958இல் பிமல் ராய் இயக்கிய ‘மதுமதி’ கட்டக்கின் கதைதான், பெரிய வெற்றி. சந்தை அவரைத் தள்ளிவிடவில்லை. ஆனால் அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார். ‘அஜாந்த்ரிக்’, ‘மேகே தாகா தாரா’ என அவரை நினைவில் நிறுத்திய படங்களெல்லாம் திரும்பிய பிறகு எடுக்கப்பட்டவை. அங்கே வறுமையும் மதுவும் அவரை வீழ்த்தின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்கு, ஏறத்தாழ ஒரே காலத்தில் போன இருவரில் ஒருவர் வாழ்க்கையிலும் கலையிலும் வென்றார். மற்றவர் கலையில் மட்டும், அதுவும் திரும்பி வந்த பிறகு. ஊரை மட்டும் காரணமாகக் காட்டும் எந்த விளக்கமும் இவ்விருவரையும் சேர்த்து அணைக்காது.

மையத்தை விட்டு விலகுதல்

மூன்றாவது விடை எதிர்த்திசையில் நடக்கச் சொல்கிறது. புதிதாகத் தொடங்க வேண்டுமானால் எல்லாரும் இருக்கும் இடத்தைவிட, உங்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்காத இடம்தான் உகந்தது என்பது இதன் சாரம்.

ரவிசங்கர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அண்ணன் உதயசங்கரின் நடனக் குழுவில் ஐரோப்பிய மேடைகளில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர், 1938இல் ஆட்டத்தை விட்டுவிட்டு மத்திய இந்தியச் சிற்றூரான மைஹரில் அலாவுதீன் கானிடம் சிதார் கற்க உட்கார்ந்தார். 1944வரை அங்கேதான்.

இதைவிடக் கூர்மையானது குமார் கந்தர்வரின் கதை. 1924இல் பெல்காம் பக்கம் பிறந்து, சிறுவனாகவே மேடைகளில் வியப்பூட்டியவர். பம்பாயில் பி. ஆர். தேவ்தரிடம் பயின்று, இருபதைத் தாண்டுவதற்குள் பெரிய பெயர் வாங்கியவர். காசநோய் வந்தது. வறண்ட காற்று வேண்டும் என்பதற்காக 1948இல் மத்தியப் பிரதேசத்துத் தேவாஸுக்குக் குடிபெயர்ந்தார். பாடக் கூடாது என்று மருத்துவர் உத்தரவு. ஏறத்தாழ ஐந்து ஆண்டு படுக்கையிலும் ஓய்விலும் கழிந்தது. அந்த நாட்களில் அவர் காதில் விழுந்தவை மால்வா கிராமத்துப் பெண்களின் பாட்டுகள், நாத யோகிகளின் நிர்குண பஜனைகள். புதிய மருந்தால் தேறி 1953இல் மீண்டும் மேடையேறியபோது குரலும் மாறியிருந்தது, பாடும் முறையும் மாறியிருந்தது. நீண்ட மூச்சுக்கு இடம் கொடுக்காத நுரையீரல் சிறுசிறு வீச்சுகளால் ஆன ஒரு பாணியை உருவாக்கியது. நாட்டுப்புற மெட்டுகளிலிருந்து புதிய ராகங்களை வடித்தார். கடைசிவரை தேவாஸை விட்டுப் போகவில்லை.

ஒதுங்குவதைப் புகழ்பவர்கள் இங்கே சில விவரங்களைத் தாண்டிவிடுகிறார்கள். அவர் புதுமை தேடிப் போகவில்லை. உயிர் பிழைக்கப் போனார். தேவாஸ் இசையறியாத காடும் அல்ல. உஸ்தாத் ரஜப் அலி கான் வாழ்ந்த ஊர். யாவற்றுக்கும் மேலாக, திரும்பி வந்தால் கேட்கப் பம்பாயும் பூனாவும் காத்திருந்தன. பெயரை ஏற்கெனவே சேமித்து வைத்திருந்தவருக்குத்தான் ஐந்தாண்டு மௌனம் கட்டுப்படியானது. பெயரில்லாத ஒருவர் அதே ஐந்தாண்டு மௌனமாக இருந்தால் அது வெறும் காணாமல் போதல்.

உளவியலிலும் இப்பக்கம் சாயும் ஆய்வுகள் உண்டு. மேடக்ஸ், கலின்ஸ்கி இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அயல்நாட்டில் தங்கி வாழ்ந்தவர்கள் படைப்புத்திறன் சோதனைகளில் முன்னிலை பெற்றார்கள். சுற்றுலா போய் வந்தவர்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. புதிய சூழலுக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் முயற்சிதான் பயன் தருகிறது என்பது அவர்கள் கருத்து. சோதனைப் புதிருக்கு விடை காண்பதற்கும் ஒரு நாவலை எழுதி முடிப்பதற்கும் உள்ள தூரம் அதிகம் என்பதால், இதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மையத்தில் சேர்வதற்கும் அதை விட்டு விலகுவதற்கும் நடுவில் ஒரு வழியைச் சென்னை ஓவியர்கள் கண்டார்கள். 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு வெளியே கடற்கரையில் சோழமண்டலம் கலைக்கிராமம் உருவானது. பத்திக் துணிகள் போன்ற கைவினைகளை விற்றுச் சோற்றுக்கு வழி செய்துகொண்டு, மீதி நேரத்தில் சொந்த ஓவியத்தைப் பார்த்தார்கள். நகரத்தின் கலைக்கூடங்கள் பஸ் தூரத்தில். வாடகையும் இரைச்சலும் எட்டாத் தூரத்தில். கூட்டாகப் போனதும், சோற்றுக்கு ஒரு கைத்தொழிலைக் கொண்டுபோனதும் இதில் கவனத்துக்குரியவை.

விரும்பாமல் போனவர்கள்

மேலே சொன்ன எல்லா விடைகளுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. கிளம்புகிறவர்கள் சராசரி ஆட்கள் அல்லர். துணிவோ பணமோ தொடர்போ கூடுதலாக உள்ளவர்கள்தான் கிளம்புகிறார்கள். அவர்கள் வென்றால், ஊர் காரணமா அந்தக் கூடுதல் காரணமா என்று பிரித்தெடுக்க முடிவதில்லை. இதனால்தான் வேறு வழியின்றி வெளியேறியவர்களின் கதைகளுக்கு ஆய்வாளர்களிடம் தனி மதிப்பு.

1973 ஜனவரியில் ஐஸ்லாந்தின் ஹெய்மே தீவில் எரிமலை வெடித்து, வீடுகளில் ஒரு பகுதியை அழித்தது. எந்த வீடு புதையும், எந்த வீடு தப்பும் என்பது கிட்டத்தட்ட தற்செயல். வீடிழந்த குடும்பங்களையும் தப்பிய குடும்பங்களையும் பல பத்தாண்டு கழித்து ஒப்பிட்ட பொருளியலாளர்கள், இளம் வயதில் வெளியேறியவர்களின் படிப்பும் வருமானமும் கணிசமாக உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். வயதில் மூத்தவர்களுக்கு அத்தகைய லாபம் இல்லை. அது மீனவர் தீவு. கலைஞர்களைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆயினும் நாற்பதில் கிளம்பும் கலைஞருக்கு இது உற்சாகமூட்டும் செய்தி அல்ல.

நம் துணைக்கண்டத்தில் விரும்பாத பெயர்வுக்குப் பிரிவினையைவிடப் பெரிய நிகழ்வு இல்லை. உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோ 1948 ஜனவரியில் பம்பாயை விட்டு லாகூர் போனார். அங்கே திரைத்தொழில் சிதைந்து கிடந்தது. வழக்குகள், வறுமை, குடி. 1955 ஜனவரியில் நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். தொழில் கணக்கில் இது தெளிவான வீழ்ச்சி. ஆனால் ‘தண்டா கோஷ்ட்’, ‘டோபா டேக் சிங்’ உட்பட, இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் கதைகள் பல அந்த ஏழு ஆண்டுகளில் வந்தவை. இடம் மாறி வென்றாரா தோற்றாரா என்று கேட்டால், எதை அளக்கிறோம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வருமானம், புகழ், படைப்பு மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் இத்துறை ஆய்வுகளில் அடிக்கடி நேரும் பிழை என்று தோன்றுகிறது.

இருந்த இடத்திலேயே

இருந்த இடத்தில் இரு என்ற விடைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. சத்யஜித் ராய் கல்கத்தாவை விடவில்லை, பிஸ்மில்லா கான் காசியை விடவில்லை, சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டே எழுதினார். இவர்களுக்குப் பிழைப்புக்கான வேரும் அதே மண்ணில் இருந்தது என்பதை இவ்வாதம் சொல்ல மறந்துவிடுகிறது.

இதைவிட அரிதாகப் பேசப்படுவது, கலைஞர் அசையாமல் இருக்க மையமே எழுந்து போய்விடுவது. ஒரு காலத்தில் தெலுங்கு, மலையாளம், கன்னடப் படங்களும் சென்னையில்தான் தயாராயின. ஆந்திர அரசு தந்த சலுகைகளும் அக்கினேனி நாகேஸ்வர ராவ் 1976இல் ஹைதராபாதில் தொடங்கிய அன்னபூர்ணா போன்ற ஸ்டுடியோக்களும் தெலுங்குத் திரையை மெல்ல இழுத்துக்கொண்டன. மலையாளத் திரை கேரளத்துக்குத் திரும்பியது. கோடம்பாக்கத்தில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருந்த தொழில்நுட்பக் கலைஞர்கள், நாற்பது ஐம்பது வயதில் போவதா இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் தொடக்கம் பற்றிய கேள்வியை இதைவிட நேராகச் சந்தித்த கூட்டம் தென்னிந்தியாவில் இல்லை. அவர்களைப் பற்றி நட்சத்திரப் பேட்டிகளின் ஓரத்தில் வரும் குறிப்புகளைத் தாண்டி நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

போக முடிந்தவர் யார்

எங்கே போவது என்ற விவாதம், எல்லாரும் போக முடியும் என்று வைத்துக்கொண்டே நடக்கிறது. சென்னை திருவல்லிக்கேணியின் மேன்ஷன் விடுதிகள் தனி ஆண்களுக்கானவை. வாய்ப்புத் தேடி வந்த பெண்ணுக்கு அப்படி ஓர் ஏற்பாடு வெகுகாலம் இல்லை. சாதியையும் மதத்தையும் சமையலறை வாசனையையும் விசாரித்த பிறகே வீடு தரும் தெருக்கள் சென்னையிலும் உண்டு, மும்பையிலும் உண்டு. சினிமாவில் சங்க அட்டை இல்லாமல் பெரும்பாலான பிரிவுகளில் வேலை செய்ய முடியாது. ஓர் ஊரில் இருபது ஆண்டு சீனியராக இருந்தவர் அடுத்த ஊரில் சேர்க்கைக் கட்டணம் கட்டிப் புது உறுப்பினராக வரிசையில் நிற்க வேண்டும்.

பெண்களின் வரலாறு இங்கே ஒரு திருத்தம் தருகிறது. 1878இல் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் மைசூரில் தொடங்கி, பெங்களூர் வழியாகச் சென்னை வந்து புகழ்பெற்று, பிற்காலத்தில் திருவையாற்றில் தியாகராசர் சமாதியில் கோயில் எழுப்பி, பெண்கள் அங்கே பாடுவதற்கு வழி செய்தார். ஒவ்வோர் ஊரும் அவருக்கு ஒவ்வொரு வாழ்க்கை. தேவதாசி மரபில் வந்த அவரிடம் சொந்தச் சம்பாத்தியமும் அதைச் செலவிடும் உரிமையும் இருந்தன. அதே காலத்துக் குடும்பப் பெண்களுக்கு இரண்டும் இல்லை. அவர்கள் ஊர் மாறியது பெரும்பாலும் கணவரின் உத்தியோகத்தை ஒட்டித்தான். சென்னையில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து பாடியும் பம்பாய் சகோதரிகள் பம்பாய் சகோதரிகளாகவே இருந்தார்கள் என்பது ஒரு பக்கக் குறிப்பு: விட்டு வந்த ஊர் எப்போதும் சுமையாக இருப்பதில்லை, பெயருக்கு முன்னால் நின்று உதவுவதும் உண்டு.

வயதைப் பற்றிய அவநம்பிக்கைக்கு எதிராக வைக்கத்தக்கவர் கி. ராஜநாராயணன். இடைசெவலில் விவசாயியாக வாழ்ந்தவர், 1989இல், அறுபதைக் கடந்த வயதில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் அழைப்பில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராகப் புதுச்சேரி போனார். 2021இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது வந்தது. கடலோர ஊரில் இருந்தபடி அவர் எழுதியது கரிசல் காட்டைத்தான். ஒன்றைக் கவனிக்காமல் விட முடியாது: அவர் தேடிப் போகவில்லை, அழைக்கப்பட்டார். போகும்போதே சம்பளமும் பதவியும் தயாராக இருந்தன.

தீராமல் இருப்பவை

இத்தனைக்கும் பிறகு ஓரளவு துணிந்து சொல்லக்கூடியவை சில. தனியாகப் போனவர்களைவிட, ஆட்களோடு போனவர்களும் ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போனவர்களும் அதிகம் தாக்குப்பிடித்ததாகத் தெரிகிறது. ஓரிடத்தில் சேர்த்த பெயர் இன்னோரிடத்தில் செல்லுபடியாகும் துறைகளில் இரண்டாம் தொடக்கம் எளிது. சாஸ்திரிய இசை அப்படிப்பட்டது. சினிமாவின் கீழ்நிலைத் தொழில்கள் அப்படி அல்ல. இவற்றைத் தாண்டினால் தரை இளகுகிறது.

முதல் சிக்கல், திரும்பி வந்தவர்கள். கட்டக்கைப் போன்ற ஒருவர் திரும்பினால் வரலாறு எழுதிவைக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு சான்ஸ் கேட்டு அலைந்துவிட்டு ஊர் திரும்பி, கல்யாண வீடியோவும் பிளக்ஸ் டிசைனும் செய்து வாழ்பவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்களை எண்ணாதவரை, ஊர் மாறினால் வெல்லும் வாய்ப்பு எத்தனை பங்கு என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

இரண்டாவது, தூரம். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, புகழ்பெற்ற ஒன்றரை லட்சம் பேரின் பிறந்த இடத்தையும் இறந்த இடத்தையும் ஒப்பிட்டது. 14ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைத்தூரத்தின் நடுமதிப்பு 214 கிலோமீட்டர். 21ஆம் நூற்றாண்டில் 382. ரயிலும் விமானமும் வந்தும் இவ்வளவுதான் கூடியிருக்கிறது. அந்தப் பதிவுகளில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும்தான் அதிகம் என்றாலும், நாட்டின் மறுகோடிக்குப் போவது தேவையா, பக்கத்து நகரம் போதுமா என்ற கேள்வியை அது எழுப்புகிறது. மதுரையிலிருந்து மும்பை போவதையும் மதுரையிலிருந்து கோவை போவதையும் பிரித்து ஆராய்ந்தவர்கள் அரிது.

மூன்றாவது, காலம். படைப்பாளிகளின் சிறந்த காலகட்டத்துக்கு முன்னால் பல திசைகளில் தேடிப் பார்க்கும் பருவமும், அதன்பின் ஒன்றில் ஊன்றிச் செய்யும் பருவமும் வருவதை 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஓவியர், இயக்குநர், விஞ்ஞானி ஆகிய மூவகையினரிடமும் கண்டது. தேடும் பருவத்தில் ஊர் மாற்றம் உதவலாம், ஊன்றும் பருவத்தில் அதே மாற்றம் கெடுக்கலாம் என்று இதிலிருந்து யூகிக்க இடமுண்டு. அந்த ஆய்வு இடப்பெயர்வைப் பற்றியது அல்ல என்பதால் யூகமாகவே விடுவது நேர்மை.

இணையம் வந்தபின் ஊர் என்ற கேள்வியே காலாவதியாகிவிட்டது என்பவர்களும் இருக்கிறார்கள். சித்திரக்காரர், பின்னணிக் குரல் கொடுப்பவர், படத்தொகுப்பாளர் போன்ற சிலருக்கு இது பெருமளவு பொருந்துகிறது. 2020க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை அனுப்புவது இவர்களிடம் வழக்கமாகிவிட்டது. நாடக நடிகருக்கும் மிருதங்கக்காரருக்கும் பொருந்தவில்லை. கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. பாட்டு வகுப்புகள் திரை வழியாகக் கடல் தாண்டி நடக்கின்றன. ஆனாலும் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கர்நாடக இசைக்கலைஞர்கள் டிசம்பர் சீசனுக்குச் சென்னை வருகிறார்கள். சிலர் இங்கேயே வீடு பிடித்துத் தங்கியும்விடுகிறார்கள். அவர்கள் தேடி வருவது ரசிகரையா, பக்கவாத்தியத்தையா, சபா செயலாளரையா, அல்லது நேரில் உட்கார்ந்து திருத்தும் குருவையா என்பதைத் துறைவாரியாகக் கேட்டுத் தெளிந்தால், இந்தப் பழைய விவாதத்தின் பாதிக்காவது விடை கிடைக்கலாம்.